கோடு போட்ட பிறகும் கூட்டலில் வருகிறதே!

எக்ஸெலில் எழுத்தின் நடுவே கோடு போடும் பட்டன் எங்கே? போல்ட், இட்டாலிக் பக்கத்தில் தேடித் தேடிச் சலித்துவிட்டேன்.

கணினியில் நிறுவிய எக்ஸெல் பதிப்புகள் பெரும்பாலானவற்றில் அந்த இடத்தில் ஸ்ட்ரைக்த்ரூ பட்டன் இருக்காது. செல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + 5 அழுத்துங்கள், கோடு விழும். மறுபடி அழுத்தினால் போய்விடும். மேக் கணினியில் கமாண்ட் + ஷிஃப்ட் + எக்ஸ். மவுஸ்தான் வசதி என்றால் கன்ட்ரோல் + 1 அழுத்தி, ஃபான்ட் டேபில் எஃபெக்ட்ஸ் என்பதன் கீழ் பாருங்கள். அடிக்கடி தேவைப்படுபவர்கள் அதை மேலே உள்ள குவிக் ஆக்சஸ் டூல்பாரில் சேர்த்துவிடலாம்.

கூகுள் ஷீட்ஸில் அந்த ஷார்ட்கட் எடுபடவில்லையே?

அங்கே ஆல்ட் + ஷிஃப்ட் + 5. டூல்பாரிலேயே கோடு போட்ட எஸ் எழுத்தும் இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸ் கால்க் என்றால் ஃபார்மட் மெனுவில் டெக்ஸ்ட் என்பதற்குள் போக வேண்டும்.

ஒரே செல்லில் பழைய விலையை அடித்து, பக்கத்தில் புதிய விலையை எழுத முடியுமா?

முடியும். எஃப்2 அழுத்தி செல்லுக்குள் போய், பழைய விலையை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + 5 கொடுங்கள். ஆனால் உள்ளே இருப்பது டெக்ஸ்ட்டாக இருந்தால்தான் இது நடக்கும். வெறும் எண்ணிலோ ஃபார்முலா தரும் விடையிலோ பாதிக்கு மட்டும் கோடு போட எக்ஸெல் விடாது, போட்டால் முழுசாகத்தான்.

செய்ய முடிகிறது என்றாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘450 400’ என்று ஒரே செல்லில் எழுதிய கணமே அது எண் இல்லை, டெக்ஸ்ட். கூட்டலில் சேராது, பெருக்கினால் பிழை காட்டும். பழைய விலைக்கு ஒரு பத்தி (நெடுவரிசை), புதிய விலைக்கு ஒரு பத்தி என்று பிரித்து, பழைய பத்திக்குக் கோடு போடுங்கள். பார்வைக்கும் சரி, கணக்குக்கும் சரி.

ரத்தான வரிகளையெல்லாம் அடித்துவிட்டேன். ஆனாலும் மொத்தத்தில் அந்தத் தொகைகள் சேர்ந்தே வருகின்றன. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். தவறான மொத்தம் அப்படியே அடுத்தவர் கைக்குப் போய்விடும் ஆபத்து இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோடு என்பது செல்லின் தோற்றம் மட்டும். சம் ஃபங்ஷன் தோற்றத்தைப் பார்ப்பதே இல்லை, உள்ளே இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறது. ‘கோடு போட்டதை விட்டுவிட்டுக் கூட்டு’ என்று சொல்ல எக்ஸெலில் தயாராக எந்த ஃபங்ஷனும் கிடையாது. மேக்ரோ (எக்ஸெலுக்குள் எழுதும் சிறு நிரல்) எழுதிச் செய்யலாம். ஆனால் கோட்டைப் போட்டாலும் எடுத்தாலும் எக்ஸெல் தானாக மறுகணக்கீடு செய்யாது. திரையில் பழைய மொத்தமே நிற்கும். அதனால் அந்த வழியை நம்ப வேண்டாம்.

வேலையைத் தலைகீழாக மாற்றுங்கள். ‘நிலை’ என்று ஒரு பத்தி சேர்த்து, ரத்தான வரிகளில் ‘ரத்து’ என்று குறியுங்கள். தட்டச்சுப் பிழை வராமலிருக்க டேட்டா வாலிடேஷனில் ஒரு பட்டியல் வைத்துவிடுவது நல்லது. ‘ரத்து’க்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டாலே எக்ஸெலுக்கு அது வேறு சொல். பிறகு சம்இஃப் ஃபங்ஷனில் "<>ரத்து" (அதாவது ‘ரத்து’ அல்லாதவை) என்று நிபந்தனை கொடுத்தால் ரத்தானவை நீங்கலாக மொத்தம் வந்துவிடும்.

கோட்டை எக்ஸெலே போட்டுக்கொள்ளும். தலைப்பு வரியை விட்டுவிட்டு, 2-ஆம் வரியிலிருந்து தரவு முழுவதையும் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் நியூ ரூல் போய், ஃபார்முலா வகையைத் தேர்ந்தெடுங்கள். நிலைப் பத்தி டி என்றால் ஃபார்முலா =$டி2="ரத்து" என்று அமையும்; பத்தியின் எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள். ஃபார்மட்டில் ஸ்ட்ரைக்த்ரூவை டிக் செய்யுங்கள். டாலர் குறி பத்தி எழுத்துக்கு முன்னால் மட்டும் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கோடு வரி முழுக்க ஓடாது. 2-க்கு முன்னாலும் போட்டுவிட்டால் எல்லா வரிகளும் 2-ஆம் வரியின் நிலையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கண்டிஷனல் ஃபார்மட்டிங் போட்ட கோடு கன்ட்ரோல் + 5 அழுத்தினாலும் போகவில்லை.

போகாது. நிலையை மாற்றுங்கள், அல்லது ரூலை நீக்குங்கள்.

சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தேன், கோடுகள் எல்லாம் காணோம்!

சிஎஸ்வியில் மதிப்புகள் மட்டுமே சேமிக்கப்படும். கோடு, நிறம், போல்ட் எதுவும் தங்காது. நிலைப் பத்தி இருந்தால் அது மட்டும் போய்ச் சேரும்; தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக மாறாமலிருக்க ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வகையில் சேமியுங்கள்.

எனக்கு முன்னால் இருந்தவர் கையாலேயே நூற்றுக்கணக்கான செல்களை அடித்து வைத்திருக்கிறார். அவற்றைப் பிரித்தெடுக்க வழி உண்டா?

உண்டு. ஃபில்டரில் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம், கோட்டை வைத்து முடியாது. ஆகவே முதலில் கோட்டை நிறமாக மாற்றுவோம். கன்ட்ரோல் + எஃப் அழுத்தி ஆப்ஷன்ஸைத் திறந்து, ஃபார்மட் என்பதில் ஸ்ட்ரைக்த்ரூவை மட்டும் டிக் செய்யுங்கள். தேடும் சொல்லைக் காலியாக விட்டு ஃபைண்ட் ஆல் கொடுங்கள். கீழே பட்டியல் வந்ததும் கன்ட்ரோல் + ஏ அழுத்தினால் அத்தனை செல்களும் தேர்வாகிவிடும். பெட்டியை மூடிவிட்டு மஞ்சள் நிறம் பூசி, நிறத்தை வைத்து ஃபில்டர் செய்து, நிலைப் பத்தியில் ‘ரத்து’ என்று நிரப்புங்கள். முடிந்ததும் அதே தேடல் பெட்டியில் ஃபார்மட்டின் அம்புக்குறியைச் சொடுக்கி கிளியர் ஃபைண்ட் ஃபார்மட் கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்து எதைத் தேடினாலும் கோடு போட்ட செல்களுக்குள்ளேயேதான் தேடும்.