வாய் ஒரு பக்கம் சாயும் ஓபோ ரீடு: கத்தியிலா குறை, நாணலிலா?

வணக்கம். ஓபோ என்ற ஊதுகருவிக்கு ஒரே கட்டு நாணலில் செய்தும் சில ரீடுகளின் (சீவாளிகளின்) வாய், அதாவது நுனித் திறப்பு, ஒரு பக்கமாகச் சாய்கிறது, சில இரண்டே நாளில் தொய்ந்துவிடுகின்றன, சீவுவதில்தான் தப்பு செய்கிறேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தி கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் நாணலைப் பாருங்கள்.

சாய்வுக்குப் பெரும்பாலும் வளைந்த நாணல் குழாய்தான் காரணம். குழாயை மூன்றாகப் பிளந்ததும் ஒவ்வொரு துண்டையும் கண்ணாடிமேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தாலோ துண்டு ஆடினாலோ கழித்துவிடுங்கள். முறுக்கிக்கொண்ட துண்டு இன்னும் மோசம், எப்படிச் சீவினாலும் சரியாகாது. பாதிக் கட்டு குப்பைக்குப் போகிறதே என்று வருந்தாதீர்கள். பிரான்ஸின் பெயர்பெற்ற வார் பகுதி நாணலிலும் கழிவு உண்டு.

உட்புறம் குடைந்து மெலிதாக்கிய துண்டாகவே வாங்கினீர்கள் என்றால், கனத்தை அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். நடுவில் 0.58 முதல் 0.60 மி.மீ. வழக்கம். அதைவிட முக்கியம், இரண்டு ஓரங்களும் ஒரே கனத்தில் இருப்பது. இல்லையென்றால் நேரான நாணலும் சாயும்.

தொய்வுக்கு நகச் சோதனை போதும். குடைந்த உட்புறத்தில் நகத்தை அழுத்துங்கள். சட்டென்று பள்ளம் விழுந்தால் மிருதுவான நாணல், சீக்கிரம் சோர்ந்துவிடும். தண்ணீரில் போட்டு எவ்வளவு மிதக்கிறது என்று பார்ப்பவர்களும் உண்டு, எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பச்சைச் சாயல் இருந்தால் முற்றவில்லை என்று அர்த்தம். பழுப்புப் புள்ளிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்புறம், குழாயின் விட்டம் என்ன? 10 மி.மீ. பக்கம் என்றால் வாய் அதிகம் திறக்கும், 11 பக்கம் என்றால் தட்டையாகும். அளந்து சொல்லுங்கள்.