4 கேபிக்கு இடமில்லையா?

கேள்வி: அண்மையில் வாங்கிய லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவினேன். விண்டோஸில் ஒழுங்காக ஓடிய டச்பேட் இதில் அசையவே இல்லை. டிரைவரை இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கெர்னல் (இயக்க முறைமையின் மையப்பகுதி) பதிவில் 00:15.0 என்ற சாதனத்துக்கு எதிரே ‘பார் 0: நோ ஸ்பேஸ்’ என்றும், அடுத்த வரியில் ‘ஃபெயில்ட் டு அசைன்’ என்றும் உள்ளது. அது கேட்ட அளவு வெறும் 4 கேபி. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் 4 கேபிக்கு இடமில்லாமல் போகுமா? ராமைக் கூட்டினால் சரியாகுமா? (பதிவின் முழு நகலையும் இணைத்துள்ளேன்.)
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: ராமுக்குச் செலவு செய்யாதீர்கள்; டிரைவரின் மீதும் குற்றமில்லை. அந்த வரியில் ‘இடம்’ என்பது நினைவகத்தைக் குறிக்கவில்லை, முகவரியைக் குறிக்கிறது. டச்பேடுடன் பேசும் ஐ2சி கட்டுப்படுத்தி ஒரு பிசிஐ சாதனம், அதாவது பிசிஐ என்ற இணைப்புத் தடத்தில் உள்ள சாதனம். அதன் பதிவேடுகளை (ரெஜிஸ்டர்கள்) சிபியு தொட வேண்டுமானால் அவற்றுக்கு ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரி எழுதப்படும் இடத்தைத்தான் ‘பார்’ என்கிறார்கள். ஒரு சாதாரண பிசிஐ சாதனத்தில் இப்படி 6 இடங்கள் வரை உண்டு.

தனக்கு எவ்வளவு வேண்டும் என்று சாதனம் சொல்லும் விதம் அழகானது. கெர்னல் பாரின் 32 பிட்டுகளிலும் 1 என்று எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறது. வகையைச் சொல்லும் கடைசி 4 பிட்டுகளைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், உங்கள் சாதனத்தில் கீழ் 12 பிட்டுகள் 0 ஆகவே நிற்கும். 2-இன் 12ஆம் அடுக்கு 4096, அதாவது 4 கேபி. கேட்பவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். கொடுப்பவரிடம்தான் சிக்கல்.

பதிவின் கடைசியில் தெரியும் பிழையைவிட அதன் தொடக்கத்தைப் படிப்பதே பயன் தரும். நீங்கள் அனுப்பிய நகலின் மேல்பகுதியில் ‘பயாஸ் ஈ820’ என்று தொடங்கும் வரிகள் இருக்கின்றன. எது ராம், எது ஒதுக்கப்பட்டது என்று, கணினியைத் துவக்கும் மென்பொருளான பயாஸ் கொடுத்த பட்டியல் அது. அதில் சுமார் 1.2 ஜிபியில் தொடங்கி 3.25 ஜிபி வரை ஒரே வீச்சில் ‘ரிசர்வ்டு’ என்றிருக்கிறது. சற்றுக் கீழே ‘ரூட் பஸ் ரிசோர்ஸ்’ என்ற வரிகள் வருகின்றன. பிசிஐ சாதனங்களுக்கு எந்த முகவரிகளைத் தரலாம் என்று, வன்பொருள் விவரங்களை இயக்க முறைமைக்குத் தெரிவிக்கும் ஏசிபிஐயின் சிஆர்எஸ் பகுதி சொல்வது இது. அதன்படி 4 ஜிபிக்குக் கீழே தரக்கூடிய ஒரே பெரிய பரப்பு சுமார் 1.6 ஜிபி முதல் 3 ஜிபி வரை. இரண்டையும் ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து பாருங்கள்: தரலாம் என்ற பரப்பு முழுவதும் ஒதுக்கப்பட்டது என்ற பரப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே நிலத்துக்கு ஓர் ஏட்டில் பட்டா, இன்னோர் ஏட்டில் புறம்போக்கு. கெர்னல் இரண்டாவது ஏட்டை நம்பிக் கழித்தது, மிச்சம் பூஜ்யம்.

ஏன் அப்படிக் கழிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். 2008 முதலான பயாஸ்களில் சிஆர்எஸ் தகவலை லினக்ஸ் நம்பத் தொடங்கியபின், சில கணினிகள் அதில் தரக்கூடாத பரப்பையும் சேர்த்துச் சொல்லிவந்தன. அதைத் தவிர்க்க 2010 இறுதியில், ஈ820 ஒதுக்கீட்டைக் கழித்துவிடும் விதி சேர்க்கப்பட்டது. அப்போது அது நியாயமான விதிதான். ஆனால் பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ கொண்ட கணினிகளில், ஃபர்ம்வேர் (அதாவது அந்தத் துவக்க மென்பொருள்) தன் சொந்தச் சேவைகளுக்காகக் குறித்துவைக்கும் சாதன முகவரிப் பரப்பும் ஈ820 பட்டியலுக்குள் ‘ரிசர்வ்டு’ என்றே வந்து விழுந்தது. பழைய நோய்க்குக் கொடுத்த மருந்து புதிய நோயானது. 2022இல், 2023 முதலான தேதியுள்ள பயாஸ்களுக்கு இந்தக் கழித்தல் வேண்டாம் என்று முடிவானது. பின்னர், 256 கேபியும் அதற்கு மேலும் உள்ள அத்தகைய யூஇஎஃப்ஐ பரப்புகளை ஈ820 பட்டியலிலிருந்தே நீக்கும் மாற்றமும் வந்தது.

ஆகவே முதலில் புதிய கெர்னலை நிறுவிப் பாருங்கள். அது உடனே இயலாதென்றால், 5.19 முதலான கெர்னலில், கெர்னலைத் துவக்கும் கட்டளை வரியின் கடைசியில் ‘பிசிஐ=நோ_ஈ820’ என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் சேர்த்து ஒருமுறை மட்டும் துவக்குங்கள். ‘அசைன்டு’ என்ற வரி வந்தால் நோயறிதல் சரி. ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘ஐஓமெம்’ கோப்பிலும் அதைச் சரிபார்க்கலாம். முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராகப் படியுங்கள், இல்லையேல் எல்லா முகவரிகளும் பூஜ்யமாகவே தெரியும்.

இணையத்தில் பலர் ‘பிசிஐ=ரீஅலாக்’ போடச் சொல்வார்கள். பாலங்களுக்கு (ஒரு பிசிஐ தடத்தை இன்னொன்றோடு இணைப்பவை) பின்னால் உள்ள சாதனங்களுக்கு இடம் போதாதபோது உதவுவது அது. 00:15.0 இல் முன்னால் உள்ள 00 மூல பஸ்ஸை, அதாவது முதல் தடத்தை, குறிக்கிறது. நடுவில் பாலமே இல்லை. ‘பிசிஐ=நோசிஆர்எஸ்’ இன்னும் மோசம்: சரியாக இருக்கும் ஏட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஊகத்தில் இடம் தேடச் சொல்வது.

கேள்வி: பழைய கணினியில் 4 ஜிபி ராம் போட்டும் 32 பிட் இயக்க முறைமை 3.2 ஜிபிதான் காட்டுகிறது. ராம் பழுதா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: பழுதில்லை. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4 ஜிபி. அவற்றின் மேல்பகுதியைக் காட்சி அட்டை முதலான சாதனங்கள் பிடித்துக்கொள்ள, அங்கே இருந்திருக்க வேண்டிய ராமுக்கு முகவரி இல்லாமல் போகிறது. மதர்போர்டால் அந்த ராமை 4 ஜிபிக்கு மேலே இடம் மாற்றிக் காட்ட முடியுமானால், 64 பிட் கெர்னலோ 36 பிட் முகவரி கொண்ட பிஏஇ கெர்னலோ அதைப் பயன்படுத்திக்கொள்ளும். பயாஸில் ‘மெமரி ரீமேப்’ என்ற விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள்.