தங்கு தடையின்றி

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குப் புதிதாக பாஸ்போர்ட் வந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள், 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்ற தொடரைக் காட்டி, "லெட்னா அனுமதிக்கிறதுதானே? அப்போ அனுமதி இல்லாம போக விடுங்கன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். போனில் போட்டுப் பார்த்தேன். 'அனுமதியோ இடையூறோ இன்றி' என்று வந்தது. தனக்குத்தானே எதிர்ப்பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் என்று வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வந்திருந்தது, அதிலும் லெட் இருந்தது. அதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலம் ஒழுங்கில்லாத மொழி, தமிழில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது என்றும் சொன்னேன். சரிதானே? டென்னிஸில் வரும் லெட், 'நெட்' என்பதன் திரிபு என்கிறார்களே, உண்மையா? நல்ல அகராதி ஒன்றும் சொல்லுங்கள்.

கு., விருதுநகர்

அன்புள்ள கு.,

பாஸ்போர்ட் வந்ததும் பெயர் சரியாக இருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்று பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம். உங்கள் பெண், இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போக விடுங்கள் என்று உள்ளே அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படித்திருக்கிறாள், ஒரு சொல் இடறியதும் நின்றிருக்கிறாள். அவளை என் சார்பில் தட்டிக்கொடுங்கள். ஆனால் நீங்கள் செய்தது சரியில்லை. நின்று கேட்ட குழந்தையிடம் 'ஒழுங்கில்லாத மொழி' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, மனப்பாடம் பண்ண ஒரு பட்டியலை வேறு கையில் திணித்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை முதலில் திரும்ப வாங்குங்கள்.

அனுமதிக்கிற லெட் ஒரு சொல், தடுக்கிற லெட் வேறொரு சொல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் முதலாவது 'லேட்டன்', இரண்டாவது 'லெட்டன்'. தமிழில் எழுதினால் இரட்டைக் கொம்பும் ஒற்றைக் கொம்பும்தான் வித்தியாசம், ஆனால் அந்தக் காலத்து ஆளுக்கு அது பெரிய வித்தியாசம். நமக்குக் 'கொடு'வும் 'கோடு'ம் எப்படியோ அப்படி. இறந்தகாலமும் வேறு வேறு. லேட்டன் உள்ளே இருக்கும் உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டும், லெட்டன் பின்னால் விகுதி சேர்த்துக் காட்டும். அடுத்த சில நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொற்களின் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. நெடில் குறுகியது. இரண்டும் 'லெட்' ஆயின. இறந்தகாலமும் லெட், எச்சமும் லெட். பிரித்துப் பார்க்க ஓர் அடையாளமும் மிஞ்சவில்லை.

'லை' என்ற வினையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படுப்பதும் லை, பொய் சொல்வதும் லை. ஆனால் படுத்தது 'லே', பொய் சொன்னது 'லைட்'. இறந்தகாலத்துக்குப் போனால் சாயம் வெளுத்துவிடும், அதனால் இரண்டும் பிழைத்துக்கொண்டன. லெட்டுக்கு அந்த வசதி இல்லை.

இப்படி இரண்டு சொற்கள் மோதும்போது மொழி சும்மா இருப்பதில்லை. பிரான்சின் வட்டார வழக்குகளை ஊர் ஊராகத் தொகுத்து வரைபடமாக்கிய ஜூல் கில்லியெரோன் இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் காட்டினார். தென்மேற்கில் காஸ்கனிப் பகுதியில், சேவலைக் குறித்த லத்தீன் சொல்லும் பூனையைக் குறித்த சொல்லும் ஒலி மாறி இரண்டுமே 'கட்' என்று ஆயின. ஒரே வீட்டில் வளரும் இரண்டு பிராணிகள். 'கட் செத்துப்போச்சு' என்றால் எதற்கு அழுவது? குடியானவர்கள் பூனைக்கு அந்தப் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு, சேவலை 'ஃபெசன்ட் கோழி' என்றும் சில ஊர்களில் 'பாதிரியார்' என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

லெட்டுக்கும் இதுதான் நடந்தது. தடுக்கும் லெட் விலகிப்போனது. அது உயிரோடு இருந்ததற்கு ஷேக்ஸ்பியர் சாட்சி. ஹாம்லெட் முதல் அங்கம் நான்காம் காட்சியில், தந்தையின் ஆவியைப் பின்தொடரத் துடிக்கிற இளவரசனை நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். 'என்னை லெட் செய்பவனை ஆவியாக்குவேன்' என்று சீறுகிறான். அனுமதிப்பவனை எவனாவது கொல்லுவானா? 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளில் ரோமர் 1:13ஐப் பாருங்கள். உங்களிடம் வரப் பலமுறை நினைத்தேன், இதுவரை 'வாஸ் லெட்' என்கிறார் பவுல். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'தடை'.

பிறகு அந்த வினை வழக்கொழிந்தது. அதன் பெயர்ச்சொல் மட்டும் இரண்டு இடங்களில் ஒதுங்கிக்கொண்டது. ஒன்று சட்ட வாசகம், மற்றொன்று விளையாட்டு மைதானம்.

டென்னிஸ் லெட் 'நெட்'டின் திரிபு என்பதை விட்டுத்தள்ளுங்கள். சுவரில் பந்தை அடித்து ஆடும் ஸ்குவாஷில் வலையே கிடையாது, ஆனால் லெட் உண்டு. பந்தை அடிக்கப் போகும்போது எதிராளி குறுக்கே நின்றால், ஆடுபவர் அடிக்காமல் நிறுத்திக்கொண்டு 'லெட் ப்ளீஸ்' என்று கேட்பார். நடுவர் 'லெட்' என்றால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும், 'நோ லெட்' என்றால் புள்ளி எதிராளிக்கு, 'ஸ்ட்ரோக்' என்றால் கேட்டவருக்குப் புள்ளி. ஜோஷ்னா சின்னப்பா ஆடிய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய குரல். டென்னிஸிலும் சர்வ் வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் லெட்; அதோடு பக்கத்து மைதானத்துப் பந்து உருண்டு வந்தாலும் லெட்தான். எல்லாம் இடையூறு.

இனி நீங்கள் எழுதியதிலேயே என்னை மிகவும் சங்கடப்படுத்திய வரி. தமிழில் இந்தக் குழப்பம் கிடையாதா? 'விடு' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தோசைக்கு எண்ணெய் விடு. பட்டம் விடு. மூச்சு விடு. அவனைப் போக விடு. பள்ளிக்கூடம் விட்டாச்சு. மழை விட்டது. முடித்துவிடு. செடி துளிர் விட்டது என்றால் இல்லாதது வந்தது. காய்ச்சல் விட்டது என்றால் இருந்தது போனது. நேர் எதிர் இல்லையா? உங்கள் வாட்ஸப் பட்டியல்காரர் தமிழ் தெரிந்தவராக இருந்தால் விடுவை முதல் வரியில் போட்டிருப்பார். ஆனால் இங்கே இருப்பது ஒரே சொல். பிடியிலிருந்து வெளியே போக்குவது என்ற ஒரு கருத்துதான் எண்ணெயிலும் துளிரிலும் காய்ச்சலிலும் ஓடுகிறது. அர்த்தங்கள் எதிரெதிராக இருப்பதை வைத்துச் சொல் ஒன்றா இரண்டா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சொல்லின் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஒரு விஷயம், பல சொற்களுக்கு ஒரே உருவம் வாய்த்துவிடுவது இன்னொரு விஷயம். இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டுவது அரிசியையும் உளுந்தையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பது மாதிரி. ஊறவைக்கிற நேரத்தில்தான் கஷ்டம் தெரியும்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. அனுமதிக்கும் லெட்டுக்கு நம் விடு அச்சாகப் பொருந்துகிறது. போக விடு, அங்கும் லெட். கேட்டில் கம்பி போட்டுக் கட்டித் தொங்கும் 'டூ லெட்' அட்டையைப் பாருங்கள், வாடகைக்கு விடப்படும் என்று நாமும் அதே வினையைத்தான் எழுதுகிறோம். இன்லெட், அவுட்லெட் என்பவையும் இந்த லெட்தான், உள்ளே விடும் வழி, வெளியே விடும் வழி. (புக்லெட், லீஃப்லெட்டில் இருப்பது பிரெஞ்சிலிருந்து வந்த சிறுமை விகுதி, அதை இங்கே இழுக்காதீர்கள்.)

தடுக்கும் லெட்டின் அடி, மெதுவான, பிந்திய என்று பொருள்படும் சொல். இன்றைய 'லேட்' அதே குடும்பம், 'லாஸ்ட்'டும்தான். அதாவது தடுப்பது என்பது முதலில் ஒருவரைப் பிந்த வைப்பது. இன்னும் ஆழமாகத் தோண்டினால், ஆங்கிலம் என்ற மொழி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, இரண்டு லெட்டுக்கும் வேர் ஒன்றுதான் என்கிறார்கள் சொற்பிறப்பியலாளர்கள். தளர்தல், நெகிழ்தல் அதன் பொருள். கயிற்றைத் தளர்த்தினால் மாடு போய்விடும். கால் தளர்ந்தால் நடை பிந்திவிடும். உடனே, அப்படியானால் ஒரே சொல்தானே என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு வீடு. ஆங்கிலத்தில் எழுத்து வந்த நாளிலேயே இரண்டுக்கும் தனித்தனி வினைத்திரிபு இருந்தது.

படிக்கும்போது எப்படிப் பிரிப்பது? தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலிலேயே 'வினைவேறுபடூஉம் பலபொருள் ஒருசொல்' என்று ஒரு வகை வருகிறது. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் குதிரை. கூட வரும் சொல் காட்டிக்கொடுக்கும். லெட்டுக்கும் அதே முறைதான். விடுகிற லெட், ஆளைச் சொன்ன பிறகு இன்னொரு வினையையோ இடத்தையோ கேட்கும்: லெட் மீ கோ, லெட் மீ இன். வீட்டைச் சொன்னால் வாடகை. ஹாம்லெட் சொன்ன 'லெட்ஸ் மீ' என்பதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, அது தடை. 'வித்அவுட்' போன்ற சொல்லை அடுத்து லெட் பெயர்ச்சொல்லாக வந்தால் அதுவும் தடைதான்.

அகராதி கேட்டிருந்தீர்கள். எது வேண்டுமானாலும் வாங்குங்கள், சொற்பிறப்பு போட்டது என்றால் போதும். மாணவர் பதிப்புகளில் பெரும்பாலும் அது இருக்காது. தலைச்சொல்லின் தோளில் பொடியாக 1, 2 என்று எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அந்த எண் இருந்தால் பெரும்பாலும் சொல்லே வேறு; சில அகராதிகள் வினை, பெயர் என்று பிரிக்கவும் அந்த எண்ணைப் போடும். உள்ளே வரும் எண்கள் ஒரு சொல்லின் பொருள்களைப் பிரிப்பவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் தலைச்சொல்லின் தோளில் எண் போடுகிறது. போன் மொழிபெயர்ப்பு இரண்டு லெட்டையும் கலந்துவிட்டு 'அனுமதியோ' என்று உளறியது.

பாஸ்போர்ட் தொடருக்குத் தமிழ் கேட்டால், நம் கையிலேயே இருக்கிறது: தங்கு தடையின்றி. தங்கு என்றால் நின்று தாமதிப்பது. பிந்த வைக்கும் லெட்டுக்கு இதைவிட நெருங்கிய சொல் எங்கே கிடைக்கும்? பாஸ்போர்ட்டின் இந்தி வாசகமும் 'ரோக்-டோக்' என்று இணைமொழியாகத்தான் வைத்திருக்கிறது. சட்ட ஆங்கிலத்துக்கும் 'நல் அண்ட் வாய்ட்' மாதிரி ஜோடியாகச் சொல்வதில் பிரியம் உண்டு.

மகளுக்கு இன்னொரு வேலை கொடுங்கள். அதே வரியில் 'அலவ்' இருக்கிறது. பாராட்டு என்ற லத்தீன் சொல்லும், இடம் ஒதுக்கு என்ற லத்தீன் சொல்லும் பழைய பிரெஞ்சில் ஒன்றாகக் கலந்து ஆங்கிலத்துக்கு வந்த வினை அது. ஆனால் அகராதியில் அதன் தோளில் எண் இருக்காது. ஏன் என்று அவளே யோசித்து எனக்கு எழுதட்டும். உங்கள் போனைக் கேட்காமல்.