வேடந்தாங்கலுக்கு வரும் வெளிநாட்டுப் பறவைகள் அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றனவா?

இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பது புரிகிறது. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நூற்றுக்கணக்கான கூடுகளைப் பார்ப்பவர்கள், அவை சைபீரியாவிலிருந்து வந்தவை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கூடு கட்டுபவை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் போன்றவை. இவை துணைக்கண்டத்துக்குள்ளேயே தண்ணீரையும் மீனையும் தேடி இடம் மாறுபவை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். தரைவழியாக எதிரிகள் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. மழை பொய்த்த ஆண்டில் அவையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

நெடுந்தூரம் பறந்து வருபவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வாத்துகள். வடக்கே நீர்நிலைகள் உறையும்போது இரை தேடி வருகின்றன, அவ்வளவுதான். அங்கே கோடையில் பகல் மிக நீளம், பூச்சிகளும் ஏராளம். குஞ்சுகளை வளர்க்க அதுவே ஏற்ற காலம். எனவே கோடைக்கு முன்பே கிளம்பிவிடும். இவற்றை மரத்தில் தேடாதீர்கள், நீர்ப்பரப்பில் பாருங்கள்.

ஊர்மக்கள் இந்தப் பறவைகளைக் காப்பதில் வெறும் அன்பு மட்டும் இல்லை, கணக்கும் உண்டு. எச்சம் கலந்த ஏரி நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் வயலுக்கு அது உரம். 1798இல் ஆங்கிலேய கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள் என்பது சும்மாவா! 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் தளமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது.

வாத்துகள், கூடுகள் இரண்டையும் பார்க்க டிசம்பர், ஜனவரி மாதங்களில் செல்லுங்கள்.