எல்லைக்கல்லை எறிந்த தெய்வம்: அதீனா கேள்வி பதில்

கிரேக்கர்களின் பெண் தெய்வமான அதீனாவைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். வரிசை என் வசதிக்காக மாறியிருக்கிறது.

கேள்வி: ஐயா, ஏதென்ஸ் நகருக்கு அதீனாவின் பெயரை வைத்தார்களா, அல்லது நகரின் பெயர்தான் தெய்வத்துக்கு வந்ததா?

ஊர்தான் முந்தியது என்பதே இன்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. பழைய கிரேக்கத்தில் 'அதேனே' என்ற பெயரின் கடைசியில் வரும் 'ஏனே' என்ற ஒலி, 'மிக்கேனே' (இன்று மைசீனி என்கிறோம்) போன்ற ஊர்ப்பெயர்களிலும் இருக்கிறது. அது கிரேக்க மொழிக்கு உரியதல்ல. கிரேக்கம் பேசியவர்கள் வந்து குடியேறும் முன்னர் அந்த மண்ணில் வழங்கிய மொழியின் எச்சம்.

கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில், லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தில், 'அதனா பொதினியா' என்று எழுதியிருக்கிறது. பொதினியா என்றால் தலைவி, எஜமானி. 'தலைவி அதனா' என்று படிக்கலாம்; 'அதனா என்னும் இடத்தின் தலைவி' என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்பில்தான் சாய்வு. எப்படிப் படித்தாலும், பழங்கவிஞர் ஹோமரின் இலியட், ஒடிசி காவியங்களுக்கு ஐந்து நூற்றாண்டாவது முந்திய பெயர் இது.

கேள்வி: போர்த் தெய்வம் என்கிறோம். அவளே நெசவுக்கும் தெய்வம் என்கிறார்கள். ஈட்டிக்கும் தறிக்கும் என்ன பொருத்தம்?

இங்கே வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போர்க்களத்திலிருந்து தொடங்கினால் பொருத்தம் தெரியாது. அரண்மனையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் மார்ட்டின் நில்சன், அதீனா முதலில் மன்னனின் மாளிகையைக் காத்த வீட்டுத் தெய்வம் என்று வாதிட்டார். ஒடிசி காவியத்தின் ஏழாம் பாகத்தில் ஒரு வரி வருகிறது: அதீனா ஏதென்ஸுக்குப் போய், எரெக்தியஸ் மன்னனின் வீட்டுக்குள் நுழைகிறாள். தன் கோயிலுக்கு அல்ல, மன்னன் வீட்டுக்கு! ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் பிற்காலத்தில் அவள் கோயில்கள் எழுந்ததும் ஹோமருக்கு முந்திய மைசீனிய காலத்து அரண்மனை இருந்த அதே பாறையில்தான். மைசீனியில் கிடைத்த சுண்ணப் பலகை ஓவியம் ஒன்றில், '8' என்ற எண்ணின் வடிவில் உள்ள கேடயத்துக்குப் பின்னால் ஒரு பெண் தெய்வம் நிற்க, இருபுறமும் பெண்கள் வழிபடுகிறார்கள்.

அரண்மனைக்குள் என்னென்ன இருக்கும்? தறி இருக்கும், எண்ணெய்ச் சாடிகள் இருக்கும், சுவரில் ஆயுதங்கள் தொங்கும். இத்தனைக்கும் ஒரே காவல்காரி. மன்னர்கள் போனபின் அந்த வீடு ஊராக விரிந்தது, காவல்காரி மாறவில்லை.

கேள்வி: அப்படியானால் ஏரிஸ் எதற்கு? அவரும் போர்க் கடவுள்தானே?

ஏரிஸுக்குக் கொலைவெறி போதும்; அதீனாவுக்குக் காக்க ஓர் இடம் வேண்டும். இலியட் காவியத்தில் இருவரும் இரண்டு முறை மோதுகிறார்கள், இரண்டிலும் ஏரிஸுக்குத் தோல்வி. முதல் முறை டயோமிடிஸ் என்ற கிரேக்க வீரனின் ஈட்டியை அதீனா வழிநடத்த, காயம்பட்ட ஏரிஸ் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்துவதுபோல் அலறிக்கொண்டு, தந்தையும் கடவுளரின் அரசருமான ஸீயஸிடம் ஓடுகிறான். அவரோ, கடவுளரிலேயே எனக்கு மிக வெறுப்பானவன் நீதான் என்று எரிந்து விழுகிறார்.

இரண்டாம் முறை அவள் கையில் எடுப்பது ஒரு கருங்கல். அந்தக் கல் என்ன கல் என்று ஹோமர் சொல்லிவிடுகிறார்: முன்னோர் வயலுக்கு எல்லையாக நட்டுவைத்தது. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு மாணவி நான். தந்தையின் தலையிலிருந்து பிறந்தாள் என்பதைப் பெண்ணறிவுக்குக் கிடைத்த பெருமை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம், அம்மா. கதையின் முன்பாதியைப் பார். ஸீயஸின் முதல் மனைவி மெடிஸ். அந்தப் பெயருக்கே சூழ்ச்சித்திறன் என்று பொருள். அவளுக்குப் பிறக்கப்போகும் மகன் தன்னைக் கவிழ்ப்பான் என்று கேட்ட ஸீயஸ், கருவுற்றிருந்த அவளை விழுங்கிவிடுகிறார். பிறகுதான் தலையிலிருந்து மகள் வருகிறாள். பழங்கவிஞர் ஹெசியட் சொல்லும் கதை இது. கொல்லர் தெய்வமான ஹெபஸ்டஸ் கோடரியால் ஸீயஸின் தலையைப் பிளந்தது பிண்டார் என்ற கவிஞரின் பாடலில் வருகிறது.

கி.மு. 458இல் மேடையேறிய எஸ்கிலஸின் நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸுக்குச் சாதகமாக அதீனா வாக்களிக்கிறாள். அவள் சொல்லும் காரணம், தன்னைப் பெற்றவள் என்று ஒரு தாய் இல்லை என்பது. அந்த நகரத்துப் பெண்களுக்கோ வாக்குரிமையே கிடையாது. பெருமை யாருக்கு என்று நீயே தீர்மானித்துக்கொள்.

கேள்வி: மெடூசாவைச் சபித்து அரக்கியாக்கியது அதீனாதானே? பாதிக்கப்பட்ட பெண்ணையே தண்டித்தவளை எப்படி வணங்கினார்கள்?

வணங்கிய கிரேக்கர்களுக்கு அந்தக் கதை தெரியாது. அதீனாவின் கோயிலில் நடந்த வன்முறை, தண்டனையாகப் பாம்புக் கூந்தல் எல்லாம் ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர் சொன்னவை, கி.பி. 8ஐ ஒட்டிய காலம். அதற்கு ஏழு நூற்றாண்டு முன்பு ஹெசியட் எழுதியதில் மெடூசா பிறவியிலேயே கார்கன் என்ற அரக்கி. கடல் தெய்வமான பொசைடனுடன் அவள் கூடியது வசந்தகாலப் பூக்கள் நிறைந்த புல்வெளியில். சாபம் இல்லை, கோயிலும் இல்லை. அதீனாவின் மார்புக் கவசத்தில் இருக்கும் மெடூசாவின் தலை எதிரியை மிரட்டத்தான்.

கேள்வி: ஆந்தை நமக்கு அபசகுனம். அவர்களுக்கு எப்படி அறிவின் சின்னம் ஆனது?

அறிவு என்ற விளக்கம் பின்னால் ஒட்டியது. ஏதென்ஸ்காரர்களுக்கு ஆந்தை பறந்தால் வெற்றி வரும் என்பதே நம்பிக்கை. அதீனாவை ஹோமர் 'கிளௌகோபிஸ்' என்று அழைப்பார், ஒளிரும் கண்ணுடையவள். 'கிளௌக்ஸ்' என்றால் ஆந்தை. அக்ரோபோலிஸ் பாறை இடுக்குகளில் சிற்றாந்தைகள் வாழ்ந்தன. விலங்கியலில் அதன் பேரினப் பெயரே இன்றும் அதீனாதான். ஏறக்குறைய 17 கிராம் எடையுள்ள ஏதென்ஸின் வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் ஆந்தை. மக்கள் அந்தக் காசையே 'ஆந்தை' என்றார்கள். 'ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது' என்பது வீண் வேலைக்கு அவர்கள் சொன்ன பழமொழி. கிரீஸின் ஒரு யூரோ நாணயத்தில் அதே ஆந்தை இன்னும் முறைக்கிறது.

கேள்வி: அவள் சிலையருகே பாம்பு ஏன்?

வீட்டைக் காக்கும் பாம்பு. அக்ரோபோலிஸில் ஒரு பாம்பு இருப்பதாக நம்பி, மாதந்தோறும் தேன் அப்பம் வைத்தார்கள். கி.மு. 480இல் பாரசீகப் படை நெருங்கியபோது அப்பம் தின்னப்படாமல் கிடந்தது. தெய்வமே போய்விட்டாள் என்று மக்கள் நகரைக் காலி செய்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். படையினர் எரித்த அவளது ஒலிவ மரம் மறுநாளே ஒரு முழம் துளிர்த்தது என்பதும் அவர் சொல்வதே.

கேள்வி: அக்ரோபோலிஸின் பார்த்தினான் கோயிலில் இருந்த தங்கச் சிலைக்குத்தான் பூசை நடந்ததா?

இல்லை. சிற்பி ஃபிடியஸ் செய்து கி.மு. 438இல் நிறுவிய அந்தச் சிலை, ஒரு வகையில் நகரத்தின் கஜானா. அதன் 40 தாலந்து தங்கம், அதாவது ஓராயிரம் கிலோ, கழற்றும்படி பொருத்தப்பட்டிருந்தது. போருக்கு எடுக்கலாம், பிறகு திருப்பி வைத்துவிட வேண்டும் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸே சொன்னார். உண்மையான வழிபாடு பக்கத்தில் இருந்த பழைய ஒலிவ மரச் சிலைக்கு. அதீனாவுக்கு எடுத்த பனதீனையா திருவிழாவில் ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் நெய்த மேலாடையை அதற்குத்தான் கொண்டுபோய்ச் சாத்தினார்கள்.

கேள்வி: இந்தியாவுக்கு அதீனா வந்ததுண்டா?

உண்டு, காசில். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கே ஆண்ட கிரேக்க மன்னன் மினாண்டரின் வெள்ளி நாணயங்களில் இடி வீசும் அதீனா நிற்கிறாள். மறுபக்கம் மன்னனின் தலை. அவன் பெயர் கிரேக்க எழுத்திலும், அந்தப் பகுதியில் வழங்கிய கரோஷ்டி எழுத்திலும் பொறித்திருக்கிறது. பாலி மொழி நூலில் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் கேள்விமேல் கேள்வி கேட்கும் மிலிந்தன் இவன்தான்.