பட்டா நிலம் சந்தைக்கு உரிமம் ஆகாது

கேள்வி: ஊராட்சி மாட்டுச் சந்தையின் குத்தகைதாரர் அதிகச் சுங்கம் வாங்கினார். ரசீது கேட்ட என் தந்தையை ஊரார் முன்னிலையில் அவமதித்தார். அன்றிலிருந்து எங்கள் பட்டா நிலத்தில் சனிக்கிழமைதோறும் சந்தை கூட்டி, மாட்டுக்கு 50 ரூபாய் மட்டும் வாங்குகிறோம். உரிமம் கேட்டு மனு கொடுத்து நான்கு மாதமாகியும் பதில் இல்லை. மூடச் சொல்லி நோட்டீஸ்தான் வந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளையே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததே, உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: குத்தகைதாரர் மீதான குறைகளுக்குத் தனியே புகார் கொடுங்கள், அவை உங்களுக்கு உரிமம் பெற்றுத் தரமாட்டா. தனியார் சந்தையானாலும் உரிமம் வேண்டும் என்கிறது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. உங்களிடம் அது இல்லை. வழக்கு முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது. 2017 மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்து, ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் விரிவாக்கிய தடை, இறைச்சிக்காக மாடு விற்பது பற்றிய விதிகளைச் சார்ந்தது. ஊராட்சி உரிமத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாம். பெரும்பாலும் கிடைப்பது, உங்கள் உரிம மனுவை ஊராட்சி தகுதி அடிப்படையில் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற உத்தரவே. அதை வெற்றி என்று எண்ணி, மறு வாரமே பந்தல் போட்டுச் சந்தையைப் பெரிதாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசீலிக்கச் சொல்வது அனுமதி கொடுப்பதாகாது. நோட்டீசுக்குப் பிறகும் நடத்தினார் என்பதையே காரணமாக எழுதி ஊராட்சி உரிம மனுவை நிராகரிக்கும்போது, அடுத்த மனுவுக்கு நீதிமன்றத்தில் சொல்ல நல்ல பதில் இருப்பதில்லை. அந்த வாரங்களில் வேறொன்று நடந்தால் நிலைமை இன்னும் மோசம். தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடித்து, ரொக்கமாகக் கைமாறிய மாடு திருட்டு மாடாக இருந்துவிட்டால், போலீசார் முதலில் உங்களிடம்தான் பதிவேடு கேட்பார்கள். கோமாரி பரவி, 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி உங்கள் பகுதி கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டால், பொதுவாக அங்கே சந்தை கூட்டக்கூடாது. உரிமமில்லாத சந்தைக்கோ அந்தத் தகவல் வந்துசேரும் வழிகூட இல்லை.

குத்தகைதாரரும் சும்மா இருக்கமாட்டார். ஏலத் தொகையைக் கட்டியவர் என்ற முறையில், உங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, கேட்பார். வருமான இழப்பைக் காட்டி ஊராட்சியிடம் தள்ளுபடியும் கேட்பார். அப்போது ஊராட்சியும் அவரும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

ஆகவே, சமரசத்துக்குப் போங்கள். குத்தகைக் காலம் முடியும் வரை நீங்கள் சந்தை கூட்டுவதில்லை, அவர் கட்டணப் பலகை வைத்து ரசீது கொடுப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்த ஏலத்தில் டேவணித் தொகை (ஏலத்துக்கு முன் கட்டும் வைப்புத் தொகை) கட்டி நீங்களே கலந்துகொள்ளலாம். சொந்தச் சந்தைதான் வேண்டுமென்றால், தண்ணீர்த் தொட்டி, நிழல், ஏற்றி இறக்கும் மேடை, நோயுற்ற மாட்டுக்குத் தனிக் கொட்டகை ஆகியவற்றைக் காட்டும் வரைபடத்தோடு மனுவைப் புதிதாகக் கொடுங்கள். எதற்கும் முன்பாக, வரும் சனிக்கிழமைச் சந்தையை நிறுத்தி, நிறுத்திய தேதியைக் குறிப்பிட்டு நோட்டீசுக்குப் பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள்.