ஜெர்மனியில் படிக்கிறேன். வசந்தத்தில் நெதர்லாந்து போகத் தனி விசா வேண்டுமா?

வேண்டாம். ஜெர்மன் குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் செல்லுபடியில் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையில்லாமல் போய்வர ஒப்பந்தம் செய்த ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. அட்டையையும் பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அசல்தான் வேண்டும்.

ட்யூலிப் பார்க்கத்தானே? லிஸ்ஸெ ஊரிலுள்ள கியூகன்ஹாஃப் தோட்டம் மார்ச் பின்பாதியிலிருந்து மே நடுவரை, ஏறக்குறைய 8 வாரம்தான் திறந்திருக்கும். ஏப்ரல் நடுவில் போனால் ஏமாற்றம் இருக்காது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவ வகுப்புகளும் அப்போதுதான் தொடங்கும் என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் மாதாந்திரப் பயணச்சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் மண்டல ரயில்களுக்கும்தான். ஐசிஇ அதிவேக ரயிலில் செல்லாது.

ஈஸ்டருக்கு முன்பே மளிகை வாங்கிவிடுங்கள். பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ஜெர்மனியில் கடைகள் அடைப்பு. முதல் வருடம் எனக்கு பிரெட்டும் ஊறுகாயும்தான்!